பூங்காப் பலகையில் நான்காவது வரி

எங்கள் வார்டில் பூங்கா வந்த கதையை யாராவது கேட்டால், மினிட்ஸ் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். முதல் கூட்டத்திலிருந்து திறப்பு விழா வரை எல்லாம் அதில் இருக்கிறது. எழுதியவள் நான். முப்பது வருடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து போட்டுக் கொடுத்த கை. ஒரு எழுத்து கோட்டைத் தாண்டாது. ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒரு சீட்டின் விவரம் மட்டும் இல்லை. தவறி விடுபட்டதல்ல, நானே விட்டேன். அதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

கேரள எல்லையில், பாறசாலையிலிருந்து குளத்தூர் போகிற வழியில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், பஞ்சாயத்துக்கு அரை ஏக்கர் நிலம் கிடந்தது. ரோடு போட வந்த தார் டின்களை அடுக்கிவைத்துவிட்டு, அடுக்கியதையே மறந்துபோன இடம். டின் துருப்பிடித்து, தார் ஒழுகி, மேலே காடு பிடித்துப்போயிற்று. தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் பத்து நாள் வெட்டிச் சுத்தம் செய்த பிறகுதான் உள்ளே இவ்வளவு இடம் இருப்பது தெரிந்தது. தெரிந்ததுதான் தாமதம், ஆளுக்கொரு ஆசை முளைத்தது. ஒருவருக்கு மீன் சந்தை, ஒருவருக்கு ஷட்டில் கோர்ட், ஒருவருக்குக் கல்யாண மண்டபம்.

வார்டு மெம்பர் என்னிடம் அ, ஆ படித்தவள். ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள்.

"டீச்சரே, நமக்குப் பார்க் போரும். ஆனா ஆபீஸில இருந்து ஆரோ படம் வரைஞ்சு கொண்டு வந்து நம்ம தலையில கெட்ட வேண்டாம். வீட்டுக்கு ஒரு சீட்டு. என்ன வேணும்னு அவங்கவங்க எழுதிப் போடட்டும். நீங்க கூட்டத்தில வாசிச்சு மினிட்ஸ் எழுதினா போரும்."

சரி என்றேன். ரிட்டயர் ஆனபிறகு என்னை எவரும் எதற்கும் கூப்பிடாமல் இருந்த நேரம். உள்ளுக்குள் சந்தோஷம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. பிஸ்கட் டின் ஒன்றின் மூடியில் கத்தியால் கீறல் போட்டு, பால் சொசைட்டி முன்னால் வைத்தோம். மலையாளத்திலும் எழுதலாம், தமிழிலும் எழுதலாம். இரண்டையும் வாசிக்க நான் இருந்தேன்.

இனி என் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவனுக்கு முப்பத்தொரு வயது. பிறந்தபோது அழவில்லை. அவனை அழவைப்பதற்குள் நேரம் போய்விட்டது, அந்த நேரத்தில் போனது பிறகு வரவேயில்லை. நல்ல உயரம், நல்ல உடம்பு, அப்பாவின் தோள். பேச்சு நாலைந்து வார்த்தைக்கு மேல் நீளாது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு வருடத்தில் எழுத்து ஏற்றிய எனக்கு, சொந்தப் பிள்ளைக்கு ஏற்ற ஒன்பது வருடம் ஆயிற்று. அதுவும் ஒரு விசித்திரம்: அச்செழுத்து அவனுக்கு ஏறவில்லை. புத்தகத்தைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பான். என் கையெழுத்து மட்டும்தான் அவனுக்கு எழுத்து. அந்த வளைவும் அந்தச் சுழியும் இருந்தால் விரலை வைத்துக் கூட்டிக் கூட்டி வாசித்துவிடுவான்.

ஆகவே எங்கள் வீடு சீட்டுகளால் நடந்தது. அடுப்புக்கு மேலே "அடுப்பைத் தொடாதே." குளியலறைக் கதவில் "குளித்தபின் துண்டைக் காயப்போடு." மருந்து டப்பாவில் "காலை ஒன்று, ராத்திரி ஒன்று." அவன் ஏதாவது அடம் பிடித்தால் நான் வாதாட மாட்டேன், சீட்டைக் காட்டி "எழுதியிருக்கு பாரு" என்பேன். உடனே அடங்கிவிடுவான். முதன்முதலில் எழுதிய சீட்டு வாசல் கதவின் உள்பக்கம் இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போகிற நாட்களில் ஒட்டியது, மேலே டேப் சுற்றி இன்றைக்கும் அங்கேதான்: "அம்மா போயிட்டு வாறேன். பயப்படாதே." நான் கடைக்குப் போனாலும் சர்ச்சுக்குப் போனாலும் அவன் அந்தச் சீட்டுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். பயப்பட மாட்டான்.

அவன் உலகத்தில் சீட்டுக்கு அடுத்தது ஊஞ்சல். எங்கள் அயினி மரத்தில் அவன் அப்பா கட்டிய வடம் ஊஞ்சல். ஓணத்துக்குக் கட்டியது, ஓணம் முடிந்தும் அவிழ்க்க விடவில்லை, பதினெட்டு வருடம் கிடந்தது. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். மேலே போகும்போது அவன் வாயைத் திறந்து ஆகாயத்தைப் பார்ப்பான். அப்போது மட்டும் அவன் முகத்தில் குறை என்று எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியாது. அவன் அப்பா இறந்து அடுத்த மழைக்காலத்தில் மரம் அடுத்த வீட்டு ஓட்டின் மேல் சாய்ந்தது, வெட்டவேண்டி வந்தது. வீட்டுக்குள் கொக்கி போட்டு ஒன்று கட்டிப் பார்த்தேன். கால் சுவரில் இடித்தது. இரண்டு நாள் ஏறினான், மூன்றாம் நாள் இறங்கி, மரம் நின்ற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

எனவே பூங்கா என்று மெம்பர் சொன்னபோது என் மனதில் வந்தது ஒன்றே ஒன்று. ஆனால் நான் அதைச் சீட்டில் எழுதவில்லை. மினிட்ஸ் எழுதுகிறவள் சொந்த வீட்டுக் காரியம் எழுதினால் ஊர் என்ன சொல்லும்? டீச்சருக்க மோனுக்கு வேண்டி ஊர்ப்பணத்தில் ஊஞ்சல் என்று சொல்லாதா? இது யாரும் போட்ட சட்டமல்ல, நானே எனக்குப் போட்டுக்கொண்டது. நியாயம் என்று நினைத்தேன். வெட்கம் என்பது இப்போதுதான் தெரிகிறது.

கிராமசபை ஒரு சனிக்கிழமை, எல்.பி. ஸ்கூல் ஹாலில். வழக்கமாக எங்கள் ஊரில் கிராமசபை என்றால் வருவார்கள், ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவார்கள், சாயாவும் பருப்பு வடையும் வந்ததும் எழுந்துபோவார்கள். அன்றைக்கு மெம்பர் கெட்டிக்காரத்தனமாக சாயாவைக் கடைசியில் வைத்திருந்தாள். ஹால் நிறைந்துவிட்டது. என் மகனும் வந்திருந்தான், இஸ்திரி போட்ட நீலச் சட்டையில், கடைசி பெஞ்சில்.

நான் டின்னைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். நடக்கப் பாதை வேண்டும். லைட் வேண்டும். கக்கூஸ் கட்டாயம் வேண்டும், பூட்டக் கூடாது. காதலர்கள் உட்காரும்படி பெஞ்சு போடக் கூடாது. காதலர்கள் உட்காரும்படி ஒரு பெஞ்சாவது போட வேண்டும் என்று இன்னொன்று, பெயர் இல்லை, ஆனால் கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்து ஹாலே சிரித்தது. எங்க வீட்டு முன்னால் பைப்பில் குடிக்க வெள்ளம் வரல்ல என்று ஒருவர். பூங்காவுக்கும் பைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, "எழுதச் சொன்னிய, எழுதினேன்" என்றார்.

இடையிடையே கடைசி பெஞ்சைப் பார்த்தேன். நான் ஒவ்வொரு சீட்டை எடுக்கும்போதும் என் மகன் பாதி எழுந்து நின்றான், வாசித்து முடித்ததும் உட்கார்ந்தான். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. டின்னின் அடியில் கடைசிக்கு முந்தைய சீட்டை எடுத்தபோது புரிந்தது.

அதன் ஒரு பக்கம் என் கையெழுத்து. "குளித்தபின் துண்டைக் காயப்போடு." குளியலறையில் அது இரண்டு வாரமாகக் காணவில்லை, ஈரத்தில் விழுந்திருக்கும் என்று வேறொன்று ஒட்டியிருந்தேன். மறுபக்கம், பென்சிலில், என் எழுத்தைப் பார்த்துப் பார்த்து அவன் படித்த எழுத்து. "ஊஞ்சல். பெரிது. எனக்கு." கீழே ஒரு மரமும் இரண்டு கோடும் ஒரு ஆளும். எல்லோரும் சீட்டு போடுவதை பால் வாங்கப் போகும்போது பார்த்திருக்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவனே எழுதிப் போட்டிருக்கிறான்.

ஒரு நொடிதான். நான் அதை மடித்து மினிட்ஸ் புத்தகத்துக்குள் வைத்து, அடுத்த சீட்டை எடுத்து வாசித்தேன். பிறகு ஒன்றாம் வகுப்பு டீச்சரின் பழக்கத்தில் டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டி, "முடிஞ்சு" என்றேன். அவன் நின்றுகொண்டே இருந்தான். பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

அடுத்து, என்ஜினீயர் வந்திருந்தாள், சின்ன வயதுப் பெண். நிலத்தின் படத்தைக் கரும்பலகையில் ஒட்டி, எந்த இடத்துக்கு முதலில் காசு ஒதுக்க வேண்டுமோ அங்கே ஆளுக்கொரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னாள். பாதி ஹால் ஒட்டுவதற்குள் ஸ்டிக்கர் தீர்ந்துபோயிற்று. பெண்கள் அசரவில்லை. ஒருத்தி பையிலிருந்து ஒட்டுப் பொட்டு அட்டையை எடுத்தாள். சிவப்பு, மெரூன், கல் வைத்தது. பொட்டு வைக்காத எங்கள் சர்ச்சுப் பெண்களும் அன்றைக்கு ஆளுக்கொன்று வாங்கிப் படத்தில் வைத்தார்கள். "நெற்றியில வச்சாத்தானே பாவம்" என்று ஒருத்தி சொல்ல, அதற்கும் சிரிப்பு.

வடக்கு மூலையில் ஊஞ்சல் என்று ஒரு சதுரம் இருந்தது. அங்கே பொட்டு குவிந்தது. தொழிலுறப்பில் வேலை செய்கிற பெண் ஒருத்தி இரண்டு ஒட்டினாள், யாரும் தடுக்கவில்லை. அவள் என்ஜினீயரிடம், "மேடம், வளந்த வலிய ஆளு இருந்தா தாங்குமா?" என்று கேட்டதும் என் காதில் விழுந்தது. தாங்கும், கட்டி இரும்பு என்றாள் என்ஜினீயர். குழந்தைகளை மடியில் வைத்து ஆடுவதற்குக் கேட்கிறாள் என்று நினைத்து, "ஊஞ்சல், உயரமானது, ஒன்று" என்று எழுதிக்கொண்டேன்.

கடைசியில் விதிகள். ஆபீஸிலிருந்து கொண்டுவந்த பட்டியலை என்ஜினீயர் வாசித்தாள். குப்பை போடக் கூடாது. பூப் பறிக்கக் கூடாது. நாய் கூடாது. நான்காவது: ஊஞ்சல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும். ஒவ்வொன்றுக்கும் மெம்பர், "ஆர்க்கெங்கிலும் எதிர்ப்பு உண்டோ?" என்று கேட்பாள், யாரும் பேசாவிட்டால் பாஸ். முதல் மூன்றுக்கும் அவள் கேட்டு வாய் மூடுவதற்குள் பாஸாயிற்று. நான்காவதற்குக் கேட்டுவிட்டு நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். ஹால் முழுவதும் என்னைப் பார்த்தது. யாரும் இருமக்கூட இல்லை.

நான் தலையைக் குனிந்தேன். எல்லோரும் என் மகனை நினைத்துக்கொண்டு பார்க்கிறார்கள், இந்த விதியே அவனுக்காகத்தான் என்று என் புத்தி சொல்லிற்று. ஓணத்துக்கு எவர் வீட்டில் ஊஞ்சல் கட்டினாலும் இவன் ஏறிக்கொண்டு இறங்காமல் இருந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. ரோஷமும் வந்தது. பிச்சை கேட்க மாட்டேன் என்று நினைத்தேன். ஆளில்லாத நேரம் பார்த்து அவனை நான் கூட்டிப்போய் ஆட்டிக்கொள்வேன், யாருக்கும் தெரியாது. "எதிர்ப்பு இல்லை" என்று எழுதினேன். பேனா தாளில் உரசும் சத்தம் எனக்கே கேட்டது. மீதி இரண்டு விதியும் பாஸாயிற்று, பிறகு சாயா வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அவன் கேட்டான்.

"அம்மா, எனக்க சீட்டு?"

"எல்லாம் எழுதியாச்சு மக்கா. பார்க் வரும். ஊஞ்சல் வரும்."

பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் அந்த நிலத்துக்குப் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மண் அடித்தார்கள், பார்த்தான். பாதைக்குக் கல் பதித்தார்கள், பார்த்தான். ஊஞ்சலின் இரும்புக் கால் நட்ட அன்று வீட்டுக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினான். ஒரு வருடம் ஆயிற்று எல்லாம் முடிய.

திறப்புக்கு நான்கு நாள் முன்னால் மெம்பர் போன் செய்தாள். விதிப் பலகை எழுத அதியன்னூரிலிருந்து பெயிண்டர் வந்திருக்கிறார், மலையாளம் எழுதிவிட்டார், தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. "டீச்சர் ஒண்ணு சாக்பீஸில எழுதித் தந்தா, அவரு அதுக்க மேல பெயிண்ட் அடிப்பாரு." போனேன். நீலத் தகரப் பலகை. ஸ்டூல் போட்டு ஏறி, ஆறு விதியையும் எழுதினேன். நான்காவது வரியில் கை கொஞ்சம் நின்றது. பிறகு எழுதினேன். கீழே இறங்கி நின்று பார்த்தபோது வரி நேராக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். பெயிண்டர் என் சுழிகளைக்கூட விடாமல் அப்படியே வெள்ளை அடித்தார். "டீச்சர்டே கையெழுத்து அச்சடிச்ச போலே உண்டல்லோ" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைத்து என்ன பயன்?

திறப்பு விழாவுக்கு அவனைக் கூட்டிப்போகவில்லை. மறுநாள் திங்கட்கிழமை, காலை பத்து மணி. பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில். நான் நினைத்தபடியே பூங்காவில் ஆளில்லை, தரை கூட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி மட்டும் இருந்தாள். அவன் நீலச் சட்டையைத்தான் கேட்டு வாங்கிப் போட்டிருந்தான். கேட்டைத் தாண்டியதும் என் கையை உதறிவிட்டு ஓடினான். முப்பத்தொரு வயது ஆள் ஓடுகிற ஓட்டமில்லை அது.

பலகை பக்கத்தில் நின்றான்.

மலையாளத்தை அவன் பார்க்கவில்லை. தமிழும் அச்செழுத்தாக இருந்திருந்தால் பார்த்திருக்க மாட்டான், தாண்டிப் போயிருப்பான். விரலை எடுத்து முதல் வரியில் வைத்தான். "அம்மைக்க எழுத்து" என்றான், சந்தோஷமாக. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினான். குப்பை. பூ. நாய். நான்காவது வரிக்கு வந்தான். அதை இரண்டு முறை வாசித்தான்.

"எனக்கு எத்தர வயசு?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். "முப்பத்தொண்ணு" என்றேன்.

அவன் ஊஞ்சலைப் பார்த்தான். அதற்கு முதுகைத் திருப்பிக்கொண்டு நடந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்தான். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டான். நான் ஓடிப்போய், "மக்கா, ஆரும் இல்ல. நீ கேறி இரு. அம்மா தானே சொல்லுதேன்" என்றேன். அவன் பலகையைக் காட்டினான்.

"எழுதியிருக்கு பாரு."

நான் இத்தனை வருடமாக அவனிடம் சொன்ன அதே தொனி.

கூட்டிக்கொண்டிருந்தவள் விளக்குமாற்றை வைத்துவிட்டு வந்தாள். படத்தில் இரண்டு பொட்டு ஒட்டிய அதே பெண்தான், பூங்காவில் வேலை கிடைத்திருந்தது.

"அவன் ஆடட்டும் டீச்சரே. ஆரு கேக்கப் போறா?"

"விதி இருக்கே" என்றேன். எரிச்சலோடு சொன்னேன். விதி போட்டதே இவர்கள்தான் என்று மனதில்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"அவனுக்கு வேண்டி ஆக்கும் நாங்க அங்க பொட்டு ஒட்டினது. அயினி வெட்டின பெறகு அவன் அந்த மரக்குற்றியில இருக்கியத நாங்க வேலைக்குப் போவும்போ டெய்லி பாப்போம். பொம்பளைக எல்லாம் பேசி வச்சுதான் வந்தோம். அந்த வயசு காரியம் வாசிச்சப்போ நீங்க வேண்டாம்னு சொல்லுவியன்னு பாத்தோம். மெம்பரும் நிறுத்தினாளே. நீங்க குனிஞ்சு எழுதினிய. டீச்சருக்கு இஷ்டமில்ல, மோனை நாலு பேருக்கு முன்ன ஆட விட நாணக்கேடாக்கும்னு நெனச்சு நாங்க வாயத் தொறக்கல்ல."

நான் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு ஹால் நிறைய ஆட்கள் என் ஒரு வார்த்தைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அதை நான் வேடிக்கை பார்ப்பதாக எடுத்துக்கொண்டேன். என் பிள்ளையைப் பற்றி ஊர் மோசமாக நினைக்கிறது என்று நினைத்துக்கொண்டே இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். நினைத்தது ஊரல்ல, நான்.

அன்று ராத்திரி ஒரு புதுச் சீட்டு எழுதினேன். "நீ ஊஞ்சல் ஆடலாம்." மறுநாள் அதை எடுத்துக்கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தேன். வாசித்தான். பலகையையும் வாசித்தான். சீட்டை மடித்து என்னிடம் திருப்பித் தந்தான். பலகை பெரிது, சீட்டு சிறிது.

சபை பாஸாக்கியதை சபைதான் மாற்ற முடியும், அடுத்த சபை வர நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் அவன் தினம் வந்தான், அதே பெஞ்சில் உட்கார்ந்தான். ஒரு நாள் காலேஜ் பையன்கள் இரண்டு பேர் ஊஞ்சலில் ஏறிக்கொண்டு செல்பி எடுத்தார்கள். இவன் போய் அவர்கள் முன்னால் நின்று பலகையைக் காட்டினான். அவர்கள் சிரித்தாலும் இறங்கிவிட்டார்கள். பூங்காவில் அந்த விதியைக் கடைப்பிடித்த ஒரே ஆள் அவன்தான்.

கூட்டத்தில் நான் மினிட்ஸ் புத்தகத்தை மெம்பரிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றேன். "போன தடவை ஒரு சீட்டு நான் வாசிக்கல்ல. எனக்க மோனுக்க சீட்டு" என்றேன். மடித்த சீட்டைப் பிரித்தேன். வாசித்தேன். மூன்று வார்த்தை வாசிக்க இவ்வளவு நேரமாகும் என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை. கடைசி பெஞ்சில் அவன் முழுதாக எழுந்து நின்று, பக்கத்திலிருந்தவரிடம் "எனக்க சீட்டு" என்றான். மெம்பர் எதிர்ப்பு உண்டோ என்று கேட்கவே இல்லை. பைப்பில் வெள்ளம் வராத மனுஷர்தான் பின்னாலிருந்து, "இதுக்கு ஒரு கூட்டம் வேணுமா டீச்சரே" என்று கேட்டார்.

அந்த வாரமே பெயிண்டர் வந்து நான்காவது வரியை நீலத்தால் மூடினார். காய்ந்ததும் நான் எழுதினேன், "ஊஞ்சல் எல்லோருக்கும்." வெள்ளை அடித்துக் காயும்வரை அவன் பக்கத்திலேயே நின்றான். விரலை வைத்து வாசித்தான். பிறகு பழைய வரி இருந்த இடத்தைத் தடவினான். நீலத்துக்கு அடியில் எழுத்தின் மேடு கைக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

"முன்ன எழுதினது?"

"அது தப்பு மக்கா."

"அம்மைக்க எழுத்து."

"ஆமா. அம்மா தப்பா எழுதிட்டேன்."

அவன் என்னைப் பார்க்கவில்லை, பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய் ஊஞ்சலில் ஏறினான். முதலில் மெதுவாக. பிறகு கால் நீட்டி மடக்கி, நீட்டி மடக்கி. மேலே போனபோது வாயைத் திறந்து ஆகாயத்தைப் பார்த்தான். கூட்டுகிற பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் நன்றாக அழுதேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவிவிட்டு அவன் நேராக அடுக்களைக்குப் போனான். அடுப்புக்கு மேலிருந்த சீட்டில் விரலை வைத்தான்.

"இது சரியா, தப்பா?"

"சரி மக்கா. அடுப்பைத் தொடக் கூடாது."

குளியலறைக்குப் போனான். "இது?" சரி என்றேன். மருந்து டப்பா. "இது?" சரி. கேஸ் சிலிண்டர், மோட்டார் சுவிட்ச், பின்கதவுத் தாழ்ப்பாள். அவன் பின்னாலேயே போனேன். நான் இல்லாத காலத்தில் இவன் எப்படி இருப்பான் என்று யாராவது கேட்டால் இந்தச் சீட்டுகளைத்தான் காட்டுவேன். வேறு ஆஸ்தி அவனுக்கு நான் சேர்த்து வைக்கவில்லை. என் எழுத்து அவனிடம் ஒரு நாளும் பொய் சொல்லாது என்பதுதான் அவன் கையில் இருந்தது. அதையும் பலகையோடு சேர்த்து அழித்துவிட்டு வந்திருக்கிறேன்.

கடைசியாக வாசல் கதவுக்குப் போனான். டேப் மஞ்சளித்துப்போன அந்த முதல் சீட்டு. "அம்மா போயிட்டு வாறேன். பயப்படாதே." விரல் வைத்து முழுவதும் கூட்டி வாசித்தான்.

"இது?"

"சரி மக்கா" என்றேன்.

இத்தனை வருடமும் அவன் எழுத்தைப் பார்ப்பான், என்னைப் பார்க்க மாட்டான். அன்று சீட்டிலிருந்து விரலை எடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.